பலகைக்கு அடியில் என் மனைவியின் குரல்

எனக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சம்பவத்தை யாரிடம் ஆரம்பித்தாலும், "உங்களுக்குத்தான் காதே கேக்காதே சார், அப்புறம் எப்படிக் கேட்டீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடந்ததை நடந்தபடி எழுத மட்டும்தான் எனக்குத் தெரியும். நேரங்கள் எல்லாம் அன்றன்றே என் சின்ன நோட்டில் குறித்து வைத்தவை. எழுதி முடித்ததும் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் "இது இப்படி இல்ல" என்று அடித்துத் திருத்தினாள். ஓர் இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த இடத்தை நான் மாற்றவில்லை.

இருபத்தேழு வருடம் தகர மூடி அடிக்கும் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினேன். டங்... டங்... டங்... நிமிடத்துக்கு நாற்பது அடி. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று மேஸ்திரி சொல்வார். பஞ்சு வைத்தால் மிஷின் மக்கர் பண்ணுவது தெரியாது, கை போய்விடும். கையா காதா என்று வந்தபோது நான் கையைத்தான் காப்பாற்றினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் எல்லாம் அடங்கிப்போயிற்று. எல்லாம் என்றா சொன்னேன்? ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம். 'ஙீ...' என்று மண்டைக்குள் ஒரு ரீங்காரம். தூங்கும்போதும் அதுதான். விழிக்கும்போதும் அதுதான்.

இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டினார்கள். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் யார் பேசினாலும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். தகரத்திலேயே காலம் தள்ளியவனுக்குத் தகரக் குரல். என் மனைவியின் குரலும் அப்படித்தான் ஆகிவிட்டது.

அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான புதிதில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். சோறு ஆறும், பால் பொங்கும், அவள் கதை முடியாது. 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இருந்த பெயர் அது. காது போன பிறகு ஒவ்வொன்றையும் அவள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்கு முடியும்? "சாப்பாடு இருக்கு." "கதவப் பூட்டுங்க." "மருந்து போட்டாச்சா?" அவ்வளவுதான் மிஞ்சியது. நானும் வாயாடி என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். பேசாதவளை எப்படி அந்தப் பெயரில் கூப்பிடுவது?

காது டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "தினம் ஒரு மணி நேரம் சத்தமில்லாத எடத்துல போய் உக்காருங்க. மிஷினக் கழட்டிடுங்க. மரம், தண்ணி, பறவை... ஏதாவது பாத்துக்கிட்டே இருங்க. ரீங்காரம் கொறையும்."

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மற்ற மூன்று பக்கமும் அடுக்குமாடி வீடுகள். நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு ஏரி. நாணல் புதருக்கு நடுவே தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு மரப்பாதை போகும். நூற்றுப் பதினெட்டு அடி நான் எடுத்து வைத்தால் அதன் கோடி. அங்கே கூரை போட்ட ஒரு சதுரத் தளம், ஒரே ஒரு பெஞ்சு, இடுப்பளவுக் கைப்பிடி. இடது பக்கம் மட்டும் கைப்பிடி இருக்காது. ஏரியைச் சுத்தம் செய்கிறவர்களின் படகுக்காக நான்கு படி தண்ணீருக்குள் இறங்கும். குறுக்கே ஒரு சங்கிலி.

தினமும் நாலரை மணிக்குப் போனோம். முதல் வாரம் என் மனைவிக்கு வெள்ளையாக இருந்ததெல்லாம் கொக்கு, கறுப்பாக இருந்ததெல்லாம் காக்கா. பிறகு படம் போட்ட ஒரு புத்தகம் வாங்கினாள். மீன்கொத்தியைக் காட்டுவாள். இறக்கையை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்தைக் காட்டுவாள். தண்ணீரில் முங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் தலை தூக்கும் முக்குளிப்பானைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பாள். கட்டையில் வரிசையாக ஆமைகள். ஒருநாள் ஒரு கீரி பாதைக்குக் குறுக்கே நின்று எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. நான் மிஷினைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிடுவேன். அவள் என் முழங்கையைத் தொட்டுக் கை நீட்டுவாள். நான் பார்ப்பேன். பேச்சே தேவைப்படவில்லை. ஒன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததே இல்லை.

அது பதினோராவது நாள். செவ்வாய்க்கிழமை. மாலை 5.22.

ரீங்காரம் நின்றது.

குறைந்தது என்று சொல்லவில்லை. ஸ்விட்சை அணைத்ததுபோல் நின்றது. எனக்குப் பயமாகிவிட்டது. ஒன்பது வருடம் ஓடிக்கொண்டே இருந்த ஒன்று அல்லவா? அப்புறம்... ளொப். முக்குளிப்பான் முங்கிய சத்தம். தெள்ளத் தெளிவாக. தண்ணீர் கட்டையில் மோதும் 'சளக்... சளக்...'. நாணல் உரசும் சத்தம். தகரமே இல்லாத சத்தம்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியின் கையைப் பிடித்து, "கேக்குது... எனக்குக் கேக்குது" என்றேன்.

அவள் எழுந்து என் பின்னால் போய் நின்றாள். சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. நான் காத்திருந்தேன். ளொப். சளக்... சளக்... எங்கோ ஒரு தவளை.

முன்னால் வந்தாள். முகம் வாடியிருந்தது. உதட்டைப் படித்தேன். "நாலு தடவ கூப்பிட்டேன். ஒரு அடி தூரத்துல நின்னு."

ஐம்பதடி தூரத்துப் பறவை முங்குவது கேட்கிறது. காதுக்குப் பின்னால் நிற்கிறவள் கூப்பிட்டது கேட்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தாள். கேட்கும் அளவைக் கோடு போட்டிருந்த படத்தைக் காட்டினாள். "போன வருஷத்த விட மோசமா இருக்கு. காது கேக்காதவங்களுக்கு மூளை தானா சத்தம் உண்டு பண்ணும். பழைய ஞாபகம்தான். பயப்படாதீங்க."

சரி, பழைய ஞாபகம் என்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். இலவசமாகக் கிடைக்கிற ஞாபகம். எனக்கென்ன கசக்கிறதா?

வெள்ளிக்கிழமை 5.20. ரீங்காரம் நின்றது. மீன்கொத்தியின் கிறீச்சொலி கேட்டது. எதிரே கம்பத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கிறீச். அதன் அலகு மூடியே இருந்தது.

சனிக்கிழமை இன்னொன்றைக் கவனித்தேன். தவளைச் சத்தம் வந்தது. நீர்க்காகத்தின் சத்தம் வந்தது. தண்ணீர் மோதும் சத்தம் வந்தது. ஒன்று முடிந்து ஒன்று. இரண்டு சேர்ந்து வரவே இல்லை. எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தன.

என் காலுக்குக் கீழே இருந்து.

ஒரே ஆள் கீழே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பேசிப் பழகுவதுபோல் இருந்தது.

குனிந்து பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டீங்களா?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

"இல்லியே."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பறவைப் புத்தகம் மடியில் மூடியே கிடந்தது. அதை அன்று அவள் திறக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை 5.25.

கீழே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையாவது சொல்ல ஆரம்பிக்குமுன் இரண்டு சின்னச் செருமல், ஒரு இடைவெளி, அப்புறம் பேச்சு. இருபத்தெட்டு வருடப் பழக்கம். அதே செருமல். அதே இடைவெளி. பிறகு...

"என்னங்க..."

திரும்பிப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வாய் நிறைய பிஸ்கட்.

"என்னங்க... இங்க பாருங்களேன்..."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்தால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது, உண்மைதான். எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் அது அவளுடைய குரல். டப்பாக் குரல் இல்லை. கல்யாணமான வருடம், அடுப்படியிலிருந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாளே, அந்தக் குரல். இனிமேல் சாகும்வரை கேட்கவே மாட்டேன் என்று நான் முடிவு கட்டியிருந்த குரல்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க, அவளுக்குத் தெரியாமல், காலுக்கு அடியில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யோசித்தால் கேவலமாக இருக்கிறது. அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. "என்னங்க..." என்னும். "இங்க பாருங்களேன்..." என்னும். சில சமயம் சிரிக்கும். அவ்வளவே. ஆனால் நாலு மணி ஆகிவிட்டால் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிறகுதான் தோன்றியது. நான் போய் நிற்கும்போதெல்லாம், அவள் எனக்கு முன்னாலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. "மழ வருமோ?" என்றேன். "வந்தா வரட்டும்" என்றாள். பூங்காவில் ஆள் நடமாட்டமே இல்லை. வாசலில் காவலாளி மட்டும். அவரை நாங்கள் விசில்காரர் என்போம். ஐந்தரைக்கு ஒரு விசில் ஊதுவார், தளத்தில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கு இன்னொரு விசில், கதவு பூட்டிவிடுவார். எனக்கு விசில் கேட்காது என்பதால் மனைவிதான் தோளைத் தட்டுவாள்.

அன்று ஏரியில் ஒரு பறவைகூட இல்லை. கொக்கு இல்லை. நீர்க்காகம் இல்லை. கட்டையில் ஆமைகள் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. மூன்று வாரமாக வந்துகொண்டிருந்த பட்டணத்து ஏரிதான். ஆனால் யாரோ துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

மிஷினைக் கழற்றிக் கூட்டில் வைத்தேன்.

5.20 ஆயிற்று. ரீங்காரம் நிற்கவில்லை.

5.25.

5.30. மனைவி என் தோளைத் தட்டவில்லை. விசில் ஊதியிருப்பாரே என்று அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம்... ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடலாம்...

5.38. ரீங்காரம் நின்றது.

தவளை இல்லை. தண்ணீர்ச் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

இரண்டு செருமல்.

ஒரு இடைவெளி.

"என்னங்க... புடிங்க... என்னங்க!"

தொபீர் என்று ஒரு சத்தம். ஆள் விழுந்த சத்தம்.

"ஐயோ... மூச்சு... மூச்சு முட்டுது... என்னங்க!"

நான் கைப்பிடியில் பாய்ந்தேன். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. கீழே தண்ணீர்... ஒரு வளையம்கூட இல்லை. அசையவே இல்லை. ஆனால் சத்தம் அங்கேதான். சரியாக என் முகத்துக்குக் கீழே. கை தண்ணீரை அடிக்கும் சத்தம். இருமல். என் மனைவியின் இருமல்.

"இங்கதான்... இங்கதான்... கையக் குடுங்க..."

கையை நீட்டினேன். ஒரு காலை எடுத்துக் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் போட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. அது ஞாபகத்துக்கே வரவில்லை.

எதற்காகத் திரும்பிப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. திரும்பினேன்.

பெஞ்சு காலி.

இடது பக்கம்... சங்கிலிக்கு அப்பால்... என் மனைவி.

நான்காவது படியைத் தாண்டிவிட்டாள். தண்ணீர் இடுப்புக்கு மேல். முதுகு மட்டும் தெரிந்தது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, மெதுவாக, அடி மேல் அடி வைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

கீழே குரல் கதறியது.

"அங்க பாக்காதீங்க! நான் இங்க இருக்கேன்!"

காது ஒன்று சொல்கிறது. கண் ஒன்று சொல்கிறது.

ஒன்பது வருடமாக நான் கண்ணை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

காலை எடுத்தேன். ஓடினேன். சங்கிலி தடுக்கி விழுந்தேன். படியில் முழங்கால் இடித்தது. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. அவள் தோளைப் பிடித்தேன்.

திரும்பினாள்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைத் தெரியவில்லை அவளுக்கு. அடித்தாள். நகத்தால் கீறினாள். உதடு வேகமாக அசைந்தது. படித்தேன்.

"விடு... அவரு முழுகறாரு... விடு... அவரு கூப்பிடறாரு..."

யார் முழுகுகிறார்?

புரிந்தது.

"நான் இங்க இருக்கேன்!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டது. ஆனால் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே தண்ணீரைக் காட்டினாள். என்னையும் இழுத்தாள். கால் சேற்றில் புதைந்தது. கழுத்து வரை தண்ணீர்.

பின்னால் அவள் குரல், "என்னங்க... போகாதீங்க..." என்று அழுதது.

முன்னால் இருந்தவளின் வாய் மூடியிருந்தது.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வார்த்தையே இல்லை. பட்டறையில் விரல் நசுங்கினால் கத்துவோமே, அப்படி ஒரு கத்தல்.

அவள் நின்றாள்.

என் முகத்தைப் பார்த்தாள். என் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

இழுத்துக்கொண்டு படியேறினேன்.

மரப்பாதையில் நடந்தோம். ஓட முடியவில்லை. அவள் கால் பின்னியது. கையை மட்டும் விடவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்றுப் பதினெட்டு.

இருபதாவது அடியில் உள்ளங்காலில் ஓர் அதிர்வு.

டொக்.

பலகைக்கு அடியிலிருந்து.

அடுத்த அடி. டொக். சரியாக என் பாதத்துக்குக் கீழே.

நின்றேன். அது நின்றது.

நடந்தேன். அதுவும் வந்தது.

ஐம்பதாவது அடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. கீழே இரண்டு பேர். ஒன்று அவள் குரல். இன்னொன்று... என் குரல். இருபத்தைந்து வயதில் எனக்கு இருந்த குரல்.

"கதவப் பூட்டியாச்சா?"

"பூட்டிட்டேன். நீ தூங்கு."

"நாளைக்கு வருவாங்களா?"

"வருவாங்க."

பிறகு சிரித்தார்கள்.

என் மனைவியும் அதைக் கேட்டாள். அவள் விரல்கள் என் கையில் இறுகின. இந்த இடத்தில்தான் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போனாள்.

நூற்றுப் பதினெட்டு. மண்.

'ஙீ...' என்று ரீங்காரம் திரும்ப வந்தது. வாழ்க்கையில் அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

வாசலில் விசில்காரர் எங்களைப் பார்த்தார். இரண்டு பேரும் கழுத்துவரை சேறு. நான் மிஷினை மாட்டினேன். கூடு சட்டைப் பையில் இருந்ததால் உள்ளே தண்ணீர் போயிருந்தது. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று கரகரத்தது. அவர் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு மொதல்ல விழுந்தாங்க?"

"யாரும் விழலங்க" என்றாள் என் மனைவி.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். கரகரக்கும் ஒற்றை மிஷினோடு நான். அவள் மூன்று தடவை, நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். அலுக்காமல் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்தே அவளுக்கும் கேட்டிருக்கிறது. அவளுக்குக் கேட்டது என் குரல்.

"வாயாடின்னு கூப்பிட்டுச்சு" என்றாள். "எத்தன வருஷமாச்சு நீங்க என்ன அப்படிக் கூப்பிட்டு? மொத நாள் உங்களக் கேட்டேன், கூப்பிட்டீங்களான்னு. இல்லன்னீங்க. அப்பவே எழுந்து வந்திருக்கணும். வர முடியல. நாளைக்கும் கேக்கணும்போல இருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

"தண்ணிக்குள்ள என்ன எப்படி நம்புன?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னாள். "கீழ இருந்தவரு அழகாப் பேசினாரு. எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசினாரு. நீங்க மாடு மாதிரி கத்துனீங்க. காது போனதுலேர்ந்து உங்களுக்குச் சத்தம் எவ்வளவு வருதுன்னே தெரியாதே... அந்தக் கத்தல வேற யாராலயும் கத்த முடியாது."

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பூங்காப் பக்கம் போகவில்லை. அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறோம்.

ஒன்றரை மாதம் கழித்து, விசில்காரர் கண் காட்டுவதற்காக என் மனைவியின் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாராம். அவள் விடவில்லை. வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னிக்கு ஏன் அப்படிக் கேட்டீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அப்புறம்தான் சொன்னாராம். அவர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே என்னிடம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

"எட்டு வருஷம் ஆச்சும்மா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. காலேஜ் பொண்ணுங்க. பறவைய வரையறதுக்கு வருவாங்க. அன்னிக்கு ஆபீஸ்ல போன் அடிச்சுது, நான்தான் எடுத்தேன். அக்கா பேசினா. 'தங்கச்சி தண்ணியில விழுந்துட்டா, நான் எறங்கறேன், சீக்கிரம் வாங்க'ன்னா. பின்னாடி ஒரு பொண்ணு 'அக்கா, அக்கா'ன்னு கதறுற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஓடினேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு பேருமே இல்ல."

"ஐயோ பாவம். தங்கச்சியக் காப்பாத்தப் போயி..."

"அப்படித்தாம்மா நானும் நெனச்சேன். சாயங்காலம் அவங்க அம்மா வந்தாங்க. அவங்க வேற சொன்னாங்க. அவங்களுக்கு தங்கச்சி போன் பண்ணியிருக்கா. 'அக்கா தண்ணியில விழுந்துட்டா, நான் எறங்கறேன்'னு. பின்னாடி பெரியவ கதறினது அம்மாவுக்குக் கேட்டுருக்கு. போலீஸ் ரெண்டு போனையும் எடுத்துப் பாத்தாங்க. எனக்கு வந்தது அஞ்சு நாப்பத்தொண்ணு. அம்மாவுக்கு வந்தது அஞ்சு நாப்பத்தொண்ணு."

அவராகவே மீதியையும் சொன்னாராம்.

"மொதல்ல போயி பாத்தவன் நான்தாம்மா. போன் ரெண்டும் பெஞ்சு மேல இருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல, ஒரு சாண் இடைவெளிகூட இல்ல. ரெண்டும் நனையல."